கலிவிக்கோடி

ஆந்திர மாநிலத்தின் தென்பகுதியில் கடப்பை என்னும் மாவட்டம் உள்ளது. வடபெண்ணையாறு அதன் ஊடே கிழக்கு நோக்கிப் பாய்கின்றது. ஆற்றின் இரு மருங்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகளாகிய குன்றுத் தொடர்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று இலங்கமலை. உலகில் வேறெங்கும் அருகியே காணப்படும் செம்மரம் இம்மலைச் சாரல்களில் இயற்கையாக வளர்கின்றது. செம்மரத்தின் விலையை அறியாதவர் இலர். ஆயின், அம்மலையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் முட்புதர்க் காட்டின் விலையை அறிந்தவர் மிகச் சிலரே.

அந்நிலம் பார்வைக்கு எளியது. மண் செந்நிற முரம்பு. எங்கும் பரற்கற்கள் இறைந்து கிடக்கும். களா, காரை, சூரை, இலந்தை, உடைவேல் முதலிய முட்செடிகள் ஆள் உயரத்திற்கும் சற்று மேலாகவும் புதர்களாக நிற்கும். ஒரு புதருக்கும் மற்றொன்றுக்கும் இடையே வெறுந்தரை. அவ்வெறுந்தரை வழியே ஆடுகள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடித் தடங்கள் ஓடும். மழைக்காலத்தில் சிறிது காலம் பசுமை தோன்றும். மற்றைய நாட்களில் எல்லாம் சாம்பல் நிறமே. நிழலுக்கு ஒரு பெருமரம் இல்லை, அருவி இல்லை, யானை இல்லை. வழிப்போக்கர் அதனைக் கடந்து செல்வரேயன்றி நின்று பாரார்.

அரசாங்க ஏடுகளும் அதனை நின்று பார்க்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரித் திட்டம் வகுத்த அதிகாரிகள், வரி தரும் நிலத்தை ஒரு வகையாகவும் வரி தராத நிலத்தைத் தரிசு என்றும் பிரித்து எழுதினர். முட்புதர் நிலம் பெரும்பாலும் பின்னதிலே சேர்ந்தது. ஆங்கிலேயர் சென்ற பின்னரும் அப்பெயர் செல்லவில்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்திய அரசு வெளியிட்ட தரிசுநில வரைபட நூலிலும் புதர் அடர்ந்த நிலம், புதர் நெருங்காத நிலம் என்பன தரிசின் வகைகளாகவே எண்ணப்பட்டுள்ளன. ஒரு பொருளுக்கு இடும் பெயர் அதன் தலையெழுத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்கு இது தக்க சான்று. தரிசு என்று பெயர் பெற்ற நிலத்தை உழுதாலும், தோண்டினாலும், குழி பறித்து வேற்று மரம் நட்டாலும் அதனை அழிவு என்று எவரும் சொல்வதில்லை. சீர்திருத்தம் என்றே சொல்வர்.

இத்தகைய நிலத்திலேதான் கலிவிக்கோடி என்னும் பறவை வாழ்கின்றது. கலிவி என்பது தெலுங்கு மொழியில் களாச்செடியைக் குறிக்கும். கோடி என்பது கோழி. களாப்புதரில் வாழும் கோழி என்பது பெயரின் பொருள். உண்மையில் இது கோழி இனத்தைச் சேர்ந்ததன்று. வெட்டவெளிகளில் கால் கடுக்க ஓடித் திரியும் ஒருவகைப் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. உடலின் நீளம் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர். முதுகு மண்ணின் நிறம். கண்ணுக்கு மேல் வெண்ணிறப் புருவக்கோடு ஒன்று அகன்று ஓடும். தொண்டையில் செம்பழுப்பு நிறத் திட்டு ஒன்று உண்டு. மார்பின் குறுக்கே இரண்டு பட்டைகள், இரட்டை ஆரம் பூண்டாற்போல விளங்கும். அலகின் அடி மஞ்சள், நுனி கருமை. கால்கள் நீண்டு வெளிறிய மஞ்சள் நிறமாக இருக்கும். பாதத்தில் முன்விரல்கள் மூன்றே, பின்விரல் இல்லை. கண்களோ உடலின் அளவுக்கு மிகப் பெரியவை. அக்கண்களே இதன் வாழ்க்கை முறையைக் கூறிவிடுகின்றன. இது இரவில் இரைதேடும் பறவை. பகல் முழுவதும் புதர்களின் நிழலில் அசையாது ஒடுங்கியிருந்து, இருள் பரவிய பின் வெளிப்பட்டு, கறையானும் எறும்பும் பிறபூச்சிகளும் பிடித்துத் தின்னும். அச்சமுற்றால் பறப்பதினும் ஓடுவதையே விரும்பும்.

இப்பறவையை அறிவியல் உலகிற்கு முதலில் அறிவித்தவர் தாமஸ் ஜெர்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர். அவர் 1836-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர், நெல்லூரில் பணியாற்றியவர். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய நேரத்தை எல்லாம் பறவை, விலங்கு, எறும்பு, மீன், பாம்பு ஆகியவற்றை ஆராய்வதிலே செலவிட்டார். ஓர் உயிரைக் கண்டால் அதற்கு ஊரார் வழங்கும் பெயர் யாது என்று கேட்டு எழுதி வைப்பது அவரது வழக்கம். இப்பறவைக்குத் தெலுங்கு வேடர் 'அடவி உத்த தித்தி' என்று பெயர் வழங்கியதையும் அவர் குறித்துள்ளார். 'காட்டு வெறும்பை' என்பது அதன் நேர்ப்பொருள். ஏன் அப்பெயர் வந்தது என்பதை வேடரே அறிவர். ஜெர்டன் கண்ட பறவைக்கு 1848-ஆம் ஆண்டில் எட்வர்டு பிளைத் என்னும் அறிஞர், 'இரட்டை ஆரம் உடையது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். ஜெர்டனின் பெயரும் ஆங்கில வழக்கில் இதனுடன் சேர்ந்து நிலைத்தது.

பின்னர், கோதாவரிப் பள்ளத்தாக்கில் சிரோஞ்சா, பத்ராசலம் ஆகிய ஊர்களின் பக்கத்தில் பிளான்ஃபோர்டு என்பவர் இப்பறவையைக் கண்டார். 1900-ஆம் ஆண்டில் அனந்தப்பூருக்கு அருகில் மீண்டும் ஒருமுறை இது காணப்பட்டது. அத்துடன் செய்தி நின்றது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளை ஆராயப் பெருங்குழு ஒன்று புறப்பட்டது, மலைதோறும் திரிந்தது, பல நூறு பறவைகளைத் திரட்டியது. கலிவிக்கோடி மட்டும் அகப்படவில்லை. இந்தியப் பறவை ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் சாலிம் அலி, பிற்காலத்திலும் இதனை மறவாது தேட முயன்றார். பயன் விளையவில்லை. பறவை இயல் நூல்கள் இதன் பெயருக்கு அருகில், 'அற்றுப்போயிற்றுப் போலும்' என்னும் கருத்துப்பட எழுதத் தொடங்கின.

தேடியவர் அனைவரும் திறமையிற் குறைந்தவர் அல்லர். எனினும் அவர்கள் ஒன்றைக் கருதவில்லை. இதன் இனத்தைச் சேர்ந்த மற்றோர் இந்தியப் பறவை பகலில் வெட்டவெளியில் திரிவது. ஆகவே இதுவும் பகலில் திரியும் என்று எண்ணிப் பகலிலேயே தேடினர். கலிவிக்கோடியோ, தேடுவோர் கூடாரம் திரும்பி விளக்கேற்றிய நேரத்தில்தான் புதரை விட்டு வெளியே வந்தது.

1985-ஆம் ஆண்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மீண்டும் ஒரு தேடலைத் தொடங்கியது. பரத் பூஷண் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் கடப்பை மாவட்டத்திற்கு அனுப்பப்பட்டார். அவர் தொலைநோக்கியை மட்டும் நம்பவில்லை. பறவையின் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். ஆடு மேய்ப்போர், விறகு வெட்டுவோர், கண்ணி வைப்போர் ஆகியோரிடம் காட்டி உசாவினார். சித்தவட்டத்தை அடுத்த ரெட்டிப்பள்ளி என்னும் சிற்றூரில் சிலர் படத்தை உற்றுப் பார்த்தனர்; இதனைக் கண்டதுண்டு என்றனர்; இரவில் வரும் பறவை என்றும் சொல்லினர்.

1986-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓர் இரவு அவ்வூர் வேடர் ஒருவர் டார்ச்சு விளக்குடன் புதர்க்காட்டில் சென்றுகொண்டிருந்தார். ஒளி பட்ட இடத்தில் நெடுங்காற் பறவை ஒன்று திகைத்து நின்றது. வேடர் அதனை உயிருடன் பிடித்துக் கொண்டுவந்தார். ஆராய்ச்சியாளர் பார்த்தார்: வெண்புருவம், செம்பழுப்புத் தொண்டை, மார்பில் இரட்டைப் பட்டை. எண்பத்தாறு ஆண்டுகளாக அறிவியலின் கண்ணுக்கு மறைந்திருந்த பறவை, ஒரு குடிசையின் முன்னே உயிருடன் இருந்தது.

இந்நிகழ்ச்சியை நூல்கள் 'மறுகண்டுபிடிப்பு' என்று கூறுகின்றன. அறிஞர் உலகத்தை நோக்க அச்சொல் பொருத்தமே. ரெட்டிப்பள்ளி வேடரை நோக்கவோ பொருத்தமன்று. அவர்கள் இதனை ஒருநாளும் இழந்திலர். ஜெர்டன் வேடரிடம் பெயர் கேட்டு எழுதிய காலத்திலிருந்து, மீண்டும் ஒருவர் படத்துடன் வந்து வேடரை வினவிய காலம்வரை, இடையிலிருந்த அறிஞர்கள் ஊராரைப் போதிய அளவு வினவியிருந்தால் இந்த எண்பத்தாறு ஆண்டுகள் எவ்வளவோ குறைந்திருக்கக்கூடும்.

பிடிபட்ட பறவை நெடுநாள் வாழவில்லை. அதன் உடல் பாடம் செய்யப்பட்டுப் பம்பாய்க் கழகத்தில் வைக்கப்பட்டது. ஆயினும் செய்தி நாடெங்கும் பரவியது. 1988-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை கலிவிக்கோடியின் உருவம் பொறித்த அஞ்சல் தலை ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டில் ஆந்திர அரசு, இலங்கமலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்த்து ஸ்ரீ இலங்கமல்லேசுவர வனவிலங்குப் புகலிடமாக அறிவித்தது. அதன் பரப்பு ஏறக்குறைய 464 சதுரக் கிலோமீட்டர். ஒரு சிறு பறவையின் பொருட்டு, தரிசு எனப்பட்ட நிலம் காவல் பெற்றது.

காவல் பெற்றது என்று சொல்வது எளிது, காப்பது எளிதன்று. எத்தனைப் பறவைகள் உள்ளன, எங்கே உள்ளன என்பதே தெரியாதபோது எதனைக் காப்பது? இரவில் நடமாடி, மனிதர் அரவம் கேட்டதும் புதரில் மறையும் உயிரை எண்ணுவது எவ்வாறு? இதற்குத் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஜெகநாதனும் அவருடன் பணியாற்றியோரும் ஏறக்குறைய 2000-ஆம் ஆண்டு முதல் கையாண்ட முறைகள் அறியத்தக்கவை. புதர்களுக்கு இடையேயுள்ள வெறுந்தரையில் நுண்ணிய மண்ணைக் கொட்டிச் சமன்செய்து சிறு பட்டைகளாக அமைத்தனர். இரவில் அவ்வழியே சென்ற உயிர்களின் காலடி அம்மண்ணில் பதிந்தது. காலையில் சென்று ஒவ்வொரு தடத்தையும் அளந்தனர். முயலின் தடம், கௌதாரியின் தடம், ஆள்காட்டிக் குருவியின் தடம் ஆகியவற்றிற்கு நடுவே மூன்று விரல் தடம் ஒன்று காணப்பட்டது. உயிரினம் குறுக்கே சென்றால் தானே படம் பிடிக்கும் காமிராக்களையும் அங்கங்கே வைத்தனர். படமும் தடமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின.

அதனினும் பயன் தந்தது பறவையின் குரல். கதிரவன் மறைந்து முக்கால் மணி நேரம் கழிந்தபின், சில நிமிடங்கள் மட்டும், இரண்டு அசை கொண்ட சிறு கூவலைத் திரும்பத் திரும்ப எழுப்பி இப்பறவை நிறுத்திவிடும். அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டவனுக்கு அன்றைய இரவு வீணே. அக்குரலைப் பதிவு செய்து, அந்திக்குப்பின் புதர்க்காட்டில் ஒலிக்கச் செய்தபோது, மறைந்திருந்த பறவை மறுமொழி கூறியது. அதுமுதல் ஓர் இடத்தில் கலிவிக்கோடி உண்டா என்பதை அறிய, அதனைக் கண்ணால் காணவேண்டும் என்னும் கட்டாயம் நீங்கியது.

இவ்வாறு திரட்டிய செய்திகளிலிருந்து எதிர்பாராத உண்மை ஒன்று புலப்பட்டது. கலிவிக்கோடி எல்லாப் புதர்க்காட்டிலும் வாழ்வதில்லை. ஒரு ஹெக்டேர் நிலத்தில் பெரும்புதர்கள் 300 முதல் 700 வரை இருக்கும் இடங்களையே இது மிகுதியாக நாடுகின்றது. புதர்கள் அதனினும் குறைந்தால் பகலில் ஒளிய இடமில்லை. அதனினும் நெருங்கினால் இரவில் ஓடி இரைதேட வெளியில்லை. அளவாக ஆடுமாடு மேய்வதாலும், அளவாக விறகு வெட்டுவதாலும் இந்த இடைவெளி நிலைபெறுகின்றது. மேய்ச்சலும் வெட்டும் மிகுந்தால் புதர்க்காடு பொட்டல் ஆகிவிடும். இரண்டையும் அடியோடு நிறுத்தினாலோ, சில இடங்களில் புதர்கள் நெருங்கி வளர்ந்து வெறுந்தரையை மூடிவிடும். மழைக்காட்டைக் காக்க வேலியிட்டு மனிதரை விலக்கினால் பெரும்பாலும் போதும். புதர்க்காட்டிற்கு அம்முறை பொருந்தாது. ஆட்டிடையனையும் கோடரிக்காரனையும் பகைவராக எண்ணாமல், எவ்வளவு மேய்க்கலாம், எவ்வளவு வெட்டலாம் என்பதை அவர்களுடன் கூடியிருந்து அறுதியிட வேண்டியுள்ளது. காவல் வகைகளுள் இதுவே கடினமானது எனலாம்.

இதற்கிடையே நிலம் குறைந்துகொண்டே வந்தது. கடப்பை மாவட்டத்தில் 3,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பைச் செயற்கைக்கோள் படங்களால் ஒப்பிட்டு நோக்கியபோது, 1991-க்கும் 2000-க்கும் இடைப்பட்ட காலத்தில் மட்டும் புதர்க்காடு நூற்றுக்கு 11 முதல் 15 பங்கு வரை சுருங்கியது தெரியவந்தது. அதன் பெரும்பகுதி உழுநிலமாயிற்று. எஞ்சிய காடும் சிறுசிறு துண்டுகளாகப் பிரிந்தது. உழவனைக் குறைகூறுவதற்கில்லை; வறண்ட நாட்டில் ஒரு காணி நிலம் ஒரு குடும்பத்தின் உணவு. ஆனால் பயிர் எழுந்த இடத்தில் கலிவிக்கோடிக்கு இடமில்லை என்பதும் உண்மையே.

அடுத்து வந்தது கால்வாய். கிருஷ்ணை நீரை வறண்ட இராயலசீமை நிலங்களுக்கும், அதற்கு அப்பால் சென்னை மாநகரின் குடிநீருக்கும் கொண்டுவர வகுக்கப்பட்டது தெலுங்கு கங்கைத் திட்டம். 1996-ஆம் ஆண்டில் கிருஷ்ணை நீர் தமிழ்நாட்டை அடைந்தது. அத்திட்டத்தைச் சேர்ந்த கால்வாய் ஒன்று இலங்கமலை அடிவாரத்தின் வழியே செல்வதாக இருந்தது. பறவை கண்டுபிடிக்கப்பட்ட பின் அதன் வழி ஒருமுறை மாற்றப்பட்டது. எனினும் 2005-ஆம் ஆண்டில், உரிய இசைவு பெறாமலே, புகலிடத்தை ஒட்டியும் உள்ளேயும் மண் தோண்டும் பொறிகள் புகுந்தன. ஆராய்ச்சியாளர் பல ஆண்டுகள் மண்பட்டை அமைத்துத் தடம் பார்த்த புதர்நிலத்தின் ஒரு பகுதி சில நாட்களில் புரட்டிப்போடப்பட்டது. அவர்கள் உடனே வனத்துறைக்கு அறிவித்தனர். வனத்துறை வேலையைத் தடுத்தது. செய்தி உச்சநீதிமன்றம் அமைத்த குழுவரை சென்றது. ஆராய்ச்சியாளர்கள் வெறுமனே மறுத்து நிற்கவில்லை. பறவை இல்லாத இடங்கள் எவை என்பதைத் தாங்கள் திரட்டிய கணக்கிலிருந்து எடுத்துக்காட்டி, கால்வாய்க்கு வேறு வழி ஒன்றை வகுத்துக் கொடுத்தனர். அரசு அதனை ஏற்றது. பறவையின் பொருட்டுப் புகலிடத்தை அடுத்த நிலத்தையும் பெற்றுச் சேர்க்க முன்வந்தது. மண்ணில் பதிந்த மூன்று விரல் தடம் ஒரு பெருங்கால்வாயைச் சிறிது விலகி ஓடச் செய்தது.

இத்துணை முயற்சிக்குப் பின்னும் இப்பறவையைப் பற்றி அறிந்தவை சிலவே. இதன் கூட்டை ஆராய்ச்சியாளர் எவரும் கண்டதில்லை. அறிவியல் அறிந்த முட்டையும் ஒன்றே. அதன் வரலாறும் வியப்புக்குரியது. 1917-ஆம் ஆண்டில் கோலார் பகுதியில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் மீட்டன் என்பவர் திரட்டிய முட்டைகளுள் அதுவும் ஒன்று. கடல் கடந்து, கைமாறி, இறுதியில் ஸ்காத்லாந்து நாட்டின் அபெர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தை அடைந்து, எவரும் ஏறிட்டுப் பாராமல் கிடந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து அதன் மரபணுவைச் சோதித்தபோதுதான், அது கலிவிக்கோடியின் முட்டை என்பது உறுதியாயிற்று. பறவை காணாமற்போனதாகக் கருதிய காலத்திலும் கோலார்ப் பக்கத்தில் ஒரு பெட்டை முட்டையிட்டிருந்தது என்பதற்கு அச்சிறு ஓடே சான்று.

முதிர்ந்த கலிவிக்கோடிகள் உலகம் முழுவதும் 250-க்குக் குறைவாகவே இருக்கக்கூடும் என்று பறவை அறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பின், இலங்கமலையில் தடமும் படமும் குரலும் கிடைப்பது நின்றுபோயிற்று. ஆண்டுகள் பல சென்றன. இரண்டாம் முறையும் இப்பறவை மறைந்துவிட்டது என்று பலர் நம்பிக்கை இழந்தனர்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பறவை ஆர்வலர் சிலர் ஆந்திரத்தின் முட்புதர்க் காடு ஒன்றில் இரவில் காத்திருந்தனர். கதிரவன் மறைந்து இருள் கவிந்த பின், புதர்களுக்கு இடையிலிருந்து இரண்டு அசைக் கூவல் எழுந்தது. அவர்கள் அதனைப் பதிவு செய்தனர். பழைய பதிவுகளுடன் ஒப்பிட்டபோது அது கலிவிக்கோடியின் குரலே என்பது விளங்கிற்று. பறவையை அமைதியாக விடவேண்டும் என்பதற்காக அந்த இடத்தை அவர்கள் வெளிப்படையாகக் கூறவில்லை.